மஞ்சள் ஒயரின் நீளம்

4

மோட்டார் கொட்டகைக்குள் சாட்சி சொல்லக் கூடியவை இரண்டே இருந்தன. ஒன்று, சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி. மற்றது, பழைய காலண்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒரு மஞ்சள் ஒயர். பல்லி வாலைக்கூட அசைக்கவில்லை. ஆகவே அமுதவல்லி ஒயரை விசாரிக்கத் தொடங்கினாள்.

காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு இணைத்துச் சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. திறக்க முடியாதபடி அதன் மூடியில் பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். பெயர் இல்லை, எண் இல்லை. அதிலிருந்து வெளியே வந்த மஞ்சள் ஒயரின் மறுமுனை எதோடும் சேரவில்லை. சும்மா காற்றில் நின்றது.

யாரோ வேலையைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள் என்றாள் அமுதவல்லி.

"இல்ல மேடம், முடிச்சுட்டுத்தான் போயிருக்காங்க. இது ரிமோட்டுக்கு ரிசீவர். தொங்குறது அதோட காது," என்றான் விக்ரம்.

விக்ரம் அவளுடைய உதவியாளன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஒரு பேப்பர் இன்னும் பாக்கி. அந்தப் பேப்பரைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பற்றி அவனுக்கு உறுதியான கருத்து உண்டு. அமுதவல்லி நேர்மாறு. அவள் தன் கண்ணால் பார்த்ததையே இரண்டாம் தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அவளுடைய துப்பறியும் அலுவலகம் புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிக்கிறானா, சொன்ன சம்பளம் உண்மையா, சிங்கப்பூரில் செய்வதாகச் சொல்லும் வேலைதான் என்ன என்று விசாரிக்கச் சொல்வார்கள். நேற்றுச் சாயங்காலம் வந்த சுகுணா மட்டும் வேறு மாதிரி கேட்டாள். அவள் கல்யாணப் பெண். மாப்பிள்ளை மேல் குற்றம் இல்லை என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்றாள்.

விஷயம் இதுதான். சுகுணாவின் அப்பா அழகுமலைக்கு வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் கடலைக் கொல்லையும், அதற்கென்று ஆழ்குழாய்க் கிணறும் இருந்தன. கொஞ்ச நாளாக அந்தக் கிணற்று மோட்டார் யாரும் சுவிட்சைத் தொடாமலே ஓடியது. ஓடும்போதெல்லாம் தண்ணீர் வாய்க்கால் வழியே போய், வரப்பில் உடைந்திருந்த மடையில் இறங்கிப் பக்கத்துக் கொல்லையை நனைத்தது. போன வாரம் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்து, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான காயில் கருகிப் போயிற்று. அவ்வளவும் அழகுமலையின் முதுகுக்குப் பின்னால் நடந்தது. அவர் பகலெல்லாம் கொட்டகைக்கு முன்னால், வீட்டுப் பாதையைப் பார்த்தபடி கட்டில் போட்டுப் படுத்து, செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

பக்கத்துக் கொல்லைக்காரன் அன்புமொழி. அவனுடைய கிணறு வற்றி நாளாயிற்று. ஆனாலும் அவன் கடலைச்செடி பச்சைப் பசேல் என்று நின்றது. இந்த அன்புமொழிதான் சுகுணாவுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை. நாளைக்குப் பரிசம்.

தண்ணீர் திருடுகிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை, இன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய்ப் பரிசத்தை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று அழகுமலை மகளிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் வரை பொறுக்கும்படி சுகுணா கெஞ்சி வாங்கியிருந்தாள். அம்மா ராஜலட்சுமிக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு ரத்தக்கொதிப்பு. விருந்தாளிகளுக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருப்பவளிடம் இப்போதே எதற்கு என்று அப்பாவும் மகளும் மறைத்துவிட்டார்கள்.

ஆகவே ராஜலட்சுமியைப் பொறுத்தவரை, அமுதவல்லியும் விக்ரமும் பரிச மேடைக்கு அலங்காரம் செய்ய வந்தவர்கள். காலையில் அவளே காப்பி கொடுத்து, மேடைத் துணி ரோஸ் நிறத்தில் இருக்கட்டும் என்றாள். ரோஸில் எந்த ரோஸ் என்று விக்ரம் முகம் மாறாமல் விசாரித்துக்கொண்டான்.

இப்போது அமுதவல்லி கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மஞ்சள் ஒயரை அளந்தாள். பெட்டியைத் தொடும் இடத்திலிருந்து நுனி வரை. நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள். பிறகு விக்ரமை அளக்கச் சொன்னாள்.

"இருபத்து மூணு புள்ளி எட்டு சென்டிமீட்டர். நீங்க அளந்தப்பவும் அதுதான் இருந்துச்சு. ஒயர் பயந்துபோய் சுருங்கல மேடம்," என்றான் அவன்.

அளவைச் சொல்லும்போதே அவன் கண் விரிந்தது. வாய் தானாக முணுமுணுத்தது. பாக்கியில்லாத பேப்பர் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது என்று அமுதவல்லிக்குப் புரிந்தது.

ரேடியோ அலைக்கு ஒரு குணம் என்று அவன் தொடங்கினான். அது ஒரு நொடியில் முப்பது கோடி மீட்டர் போகும். அந்த வேகத்தில் கூடுதல் குறைச்சல் கிடையாது. நொடிக்கு எத்தனை தப்படி வைக்கிறது என்பது அதிர்வெண். ஒரு தப்படியின் நீளம் அலைநீளம்.

"வேகம் ஒண்ணுங்கிறதால, தப்படி எண்ணிக்கை கூடினா தப்படி நீளம் குறைஞ்சுதானே ஆகணும். நீங்களும் நானும் சேர்ந்து நடக்குற மாதிரி. நான் ஒரு தப்படி வைக்கிறதுக்குள்ள நீங்க ரெண்டு வைப்பீங்க."

தன் உயரத்தைப் பற்றிய இந்தக் குறிப்பை அமுதவல்லி வழக்கம்போல் கேட்காத மாதிரி இருந்துகொண்டாள். ஒயருக்கு வா என்றாள்.

ரிமோட்டிலிருந்து வரும் அலையை நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் ஒயர் அந்த அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும் என்றான் விக்ரம். இங்கே கால் பங்கு 23.8 சென்டிமீட்டர். நான்கால் பெருக்கினால் 95.2. கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. முப்பது கோடியை அதனால் வகுத்தால் நொடிக்கு முப்பத்தொன்றரைக் கோடித் தப்படி. அதாவது 315 மெகாஹெர்ட்ஸ். ரிமோட் செய்கிறவர்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும் அதிர்வெண்களில் அது ஒன்று என்று சொல்லிவிட்டு, மாலை போடக் குனிகிற மாதிரி கழுத்தைச் சாய்த்து நின்றான்.

அமுதவல்லி மாலை போடவில்லை. கணக்கைத் தலைகீழாகப் போடச் சொன்னாள். 315-லிருந்து அலைநீளம் வருகிறதா பார்க்கலாம்.

விக்ரம் செல்போனில் முப்பது கோடியை 315-ஆல் வகுத்தான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது.

"என்ன வருது?"

"தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்."

"ஒரு தப்படியா?"

"ஆமா மேடம். இந்தக் கொட்டகையில ஒரு காலை வச்சா, மறு கால் ஹைதராபாத்தைத் தாண்டிப் போய் விழுகுது."

அப்படியானால் அதில் கால் பங்குக்கு வெட்ட எத்தனை லாரி ஒயர் வேண்டும் என்று அமுதவல்லி சாதுவாகக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டான். மெகா என்றால் பத்து லட்சம். அதை விட்டுவிட்டான். முப்பது கோடியையும் பத்து லட்சத்தால் வகுத்துவிட்டால் முந்நூறு. மெகாஹெர்ட்ஸ் எத்தனையோ, அதனால் முந்நூறை வகுத்தால் மீட்டர் வந்துவிடும். முந்நூறு வகுத்தல் 315. பூஜ்யம் புள்ளி ஒன்பது ஐந்து இரண்டு. நாலில் ஒரு பங்கு 23.8. புள்ளிக்குப் புள்ளி சரியாக இருந்தது.

இவ்வளவு சரியாக இருந்ததுதான் அமுதவல்லிக்கு நெருடியது. அவள் கையிலெடுத்த வழக்குகளில் எதுவும் முதல் நாளிலேயே புள்ளிக்குப் புள்ளி சரியாக வந்ததில்லை. ஆனால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அழகுமலைக்கு அப்படி ஒன்றும் நெருடவில்லை.

"முன்னூத்திப் பதினஞ்சு ரிமோட் எவங்கிட்ட இருக்கோ அவந்தான் ஆளு. அப்பிடித்தானே தம்பி?" என்றார்.

"அப்பிடித்தான்," என்றான் விக்ரம், அமுதவல்லி வாயைத் திறப்பதற்குள்.

அன்புமொழிக்குத் திருவரங்குளத்தில் உரக்கடை. விக்ரமின் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வழியெல்லாம் தைலமரத் தோப்பு. நிழல் தருவது போலப் பாவனை காட்டி, தராமல் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அமுதவல்லி ஒரே பிரார்த்தனையோடு போனாள். அவனிடம் ரிமோட் எதுவும் இருக்கக் கூடாது.

கல்லா மேசையில், கண்ணுக்கு நேராக, ஒரு ரிமோட் கிடந்தது.

கடையின் இரும்பு ஷட்டரை ஏற்றி இறக்க வைத்திருப்பது அது. விக்ரம் அதை எடுத்துத் திருப்பினான். பின்புறம் அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அமுதவல்லியிடம் நீட்டினான். 315 மெகாஹெர்ட்ஸ். விக்ரம் பேசாமல் இருப்பது அபூர்வம். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அன்புமொழி உரமூட்டைத் தூசி படிந்த சட்டையோடு எழுந்து வந்தான். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். சுகுணா அனுப்பியவர்கள் என்றதும் இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அமுதவல்லி சுற்றி வளைக்கவில்லை. அவன் கிணறு வற்றிக் கிடக்கிறது, ஆனால் கொல்லை காயவில்லையே என்று கேட்டாள்.

அவன் குனிந்து மேசையின் விளிம்பைப் பார்த்தான்.

"ஈரம் இருக்குங்க. எங்கிட்டிருந்து வருதுன்னும் தெரியுங்க. ஆனா அதை நான் சொல்லக் கூடாது."

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னா மரியாதையா இருக்காதுங்க."

அதோடு அவன் பேச்சை மாற்றினான். டீ வரவழைத்தான். வெயிலைப் பற்றிப் பேசினான். கிளம்பும்போது விக்ரம், இந்த ரிமோட்டைச் சாயங்காலம் வரை எடுத்துப் போகலாமா என்று கேட்டான். எதற்கு என்றுகூட அன்புமொழி கேட்கவில்லை.

"சுகுணா கேட்டிருந்தா எடுத்துட்டுப் போங்க. ஷட்டரைக் கையால இறக்கிக்கிறேன்."

திரும்பும் வழியில் விக்ரம் வழக்கு முடிந்தது என்றான். நாம் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்ற வந்து அதற்குப் பாடை கட்டிவிட்டோம், இனி மேடை அலங்காரத்துக்கே போய்விடலாம், அதில் இவ்வளவு பாவம் இல்லை என்றான். திருடியவன் கருவியை இப்படி எடுத்துக் கொடுப்பானா என்று அமுதவல்லி யோசித்துக்கொண்டு வந்தாள். கொடுப்பான், கெட்டிக்காரனாக இருந்தால் கொடுப்பான் என்று அவள் மனமே எதிர்க்கட்சி வக்கீலாகப் பேசியது.

கொட்டகைக்குத் திரும்பியபோது அங்கே புது ஆள் ஒருவர் இருந்தார். மோட்டார் மெக்கானிக் பிச்சை. கருகின மோட்டாருக்குப் புதிதாகக் காயில் சுற்றிக் கொண்டுவந்து, கிணற்றுக்குள் இறக்கி முடித்துவிட்டு, மேலே வரும் கேபிளை ஸ்டார்ட்டரில் இணைக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். கட்டிலில் அழகுமலை, பக்கத்தில் சுகுணா. யாரும் உட்காரச் சொல்லாமலே மனசு உட்கார்ந்துபோன முகம் சுகுணாவுக்கு.

அன்புமொழியின் ரிமோட்டும் 315-தான் என்று சொல்லிவிட்டு, விக்ரம் அதைக் கறுப்புப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோய் அமுக்கினான். வேலை செய்தால் பெட்டிக்குள் டக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. மறுபடி அமுக்கினான். பெட்டி பல்லியைப் போலவே இருந்தது.

சுகுணா நிமிர்ந்தாள். ஆனால் விக்ரம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அதிர்வெண் என்பது தெரு மாதிரி. ஒரே தெருவில் வந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டு வேறு. இந்த ரிமோட் ஷட்டரின் பூட்டுக்கு மட்டும் பழகினது. இந்தப் பெட்டிக்கு அதே தெருவில் இன்னொரு ரிமோட் அவனிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"தெரு அவன் தெருதானே. அது போதும்," என்றார் அழகுமலை. கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். சாயங்காலம் வரை எதற்கு, இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். சுகுணா அமுதவல்லியைப் பார்த்தாள். நீங்கள்தான் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று அந்தப் பார்வை சொல்லவில்லை. அதனாலேயே அமுதவல்லிக்கு அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

எதைத் தவறவிட்டேன் என்று அவள் தன்னையே குடைந்துகொண்டிருந்தபோது, கண் தற்செயலாகப் பிச்சையின் மேல் போயிற்று.

பிச்சை ஸ்டார்ட்டரில் ஒயரைச் சொருகினார். திருகை இறுக்கினார். மீதி நீண்டுகொண்டிருந்த ஒயரின் மேல் தன் கட்டைவிரலை ஊன்றி, உள்ளங்கையை அகல விரித்து, சுண்டுவிரல் தொட்ட இடத்தில் பார்க்காமலே கட்டிங் பிளேயரால் நறுக்கினார். அடுத்த ஒயர். கட்டைவிரல், சுண்டுவிரல், நறுக். அடுத்தது.

"எதுக்குங்க அவ்வளவு விடுறீங்க?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"ஒரு சாண் விட்டாத்தாம்மா பின்னால கழட்டி மாட்ட ஆகும். ஒட்ட வெட்டினா அடுத்து வாரவன் என்னை வைவான். சுவிட்ச் பெட்டியோ மோட்டாரோ, எதுலயும் ஒரு சாண் விடாம நான் வேலைய முடிச்சதில்ல."

அமுதவல்லி டேப்பை இழுத்து அவர் முன்னால் நீட்டினாள். கையை இதன் மேல் விரிக்கச் சொன்னாள். மேடை கட்ட வந்தவர்கள் தன் கையை எதற்கு அளக்கிறார்கள் என்று பிச்சைக்கு விளங்கவில்லை. மோதிரம் போடப் போகிறோம் என்றான் விக்ரம். பிச்சையின் கை, தேங்காயை ஒரே பிடியில் பிடிக்கிற கை. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை இருபத்து மூன்று புள்ளி எட்டு.

விக்ரம் டேப்பைப் பார்த்தான். மஞ்சள் ஒயரைப் பார்த்தான். கடைசியாகத் தன் செல்போனில் இன்னும் அழியாமல் இருந்த கணக்கைப் பார்த்தான்.

"மேடம்," என்றான் மெதுவாக, "நான் இவ்வளவு நேரம் அண்ணன் கைக்கு அதிர்வெண் கண்டுபிடிச்சிருக்கேன்."

யாரும் எந்த அலைக்கும் கணக்குப் போட்டு அந்த ஒயரை வெட்டவில்லை. பிச்சை தன் பழக்கப்படி ஒரு சாண் விட்டிருக்கிறார். அவருடைய சாண், போகிற போக்கில், 315-இன் அலைநீளத்தில் கால் பங்காக இருந்துவிட்டது. பெட்டியின் உண்மையான அதிர்வெண் என்னவாகவும் இருக்கலாம். அன்புமொழியின் தெரு என்று சொல்ல இனி ஒரு ஆதாரமும் இல்லை.

துண்டோடு நின்ற அழகுமலை, அப்படியானால் பெட்டியை வைத்தவன் பிச்சையா என்று திரும்பினார். பிச்சை கட்டிங் பிளேயரைப் பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். யார் கேட்டு வைத்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார்.

அழகுமலையின் குரல் உயர்வதற்குள் அமுதவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இப்போதுதான் அவளுக்கு வந்திருந்தது. ஒயரின் நீளத்திலேயே மூழ்கிப்போனதில், ரிமோட் எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை.

கொட்டகைக்குப் பின்பக்கம் சுவர் இல்லை. அன்புமொழி அவனுடைய வரப்பில் நின்று கையை நீட்டினால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் எட்டும். முன்னால் அழகுமலை பாட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். தண்ணீர் திருட நினைத்தால் அவன் அமுக்கிவிட்டுப் போயிருப்பான். அவனுக்கு எந்தப் பெட்டியும் தேவையே இல்லை. பெட்டி யாருக்குத் தேவை? இந்தக் கட்டிலைத் தாண்டி வர முடியாத ஒருவருக்கு. கட்டில் பார்த்துக்கொண்டிருப்பது வீட்டுப் பாதையை.

இதை அவள் சொல்லி முடிக்கையில், அந்த வீட்டுப் பாதையில்தான் ராஜலட்சுமி வந்துகொண்டிருந்தாள். கையில் மோர்ச் செம்பு, இடுப்பில் டம்ளர் அடுக்கிய கூடை. எல்லார் முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்து நின்றாள்.

"என்ன, ரோஸ் துணி கிடைக்கலையா?"

கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கே புறப்படுகிறார் என்று கேட்டாள். சுகுணாதான் சொன்னாள். அன்புமொழி தண்ணீர் திருடுகிறான் என்று அப்பா பரிசத்தை நிறுத்தப் போகிறார்.

ராஜலட்சுமி செம்பைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு சின்னச் சாம்பல் நிற ரிமோட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"அந்தப் பிள்ளை ஏன் திருடுது. நாந்தான் விட்டேன்."

பிறகு அவள் நிறுத்தாமல் பேசினாள். அன்புமொழியின் செடி காயத் தொடங்கியபோதே, கொஞ்சம் தண்ணீர் விடலாமா என்று கணவரிடம் ஒரு முறை கேட்டாளாம். பெண்ணை அனுப்புவதற்கு முன்பே தண்ணீரை அனுப்பிவிட்டான் என்று ஊர் சிரிக்கும், தாலி கட்டின பிறகு பார்க்கலாம் என்றாராம் அவர். தாலி கட்டும் வரை கடலைச்செடி காத்திருக்குமா? காலையில், மும்முனைக் கரண்ட் வருவதற்கு முன்பே புல் அறுக்கப் போகிற சாக்கில் மடையை வெட்டிவிடுவாள். கரண்ட் வந்த பிறகு கொட்டகைப் பக்கம் போக முடியாதபடி இவர் வந்து கட்டிலில் படுத்துக்கொள்வார். அதனால்தான் பிச்சையிடம் சொல்லி இதை வைத்தாள். வடகம் காயப்போடும் சாக்கில் மொட்டை மாடியிலிருந்து அமுக்குவாள்.

"ஒரு தடவை அமுக்கினா ஓடும், இன்னொரு தடவை அமுக்கினா நிக்கும்னான் இவன். அங்கிட்டிருந்து எனக்கு எப்பிடித் தெரியும், ஓடுதா நிக்குதான்னு? வேலை செய்யலையோன்னு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, போடா எங்கிட்டாவதுன்னு எறங்கி வந்துருவேன். மோட்டார் வோல்டேஜ்லதான் எரிஞ்சுச்சுன்னு இருந்தேன்."

விக்ரம் சாம்பல் நிற ரிமோட்டைத் திருப்பினான். 433 என்று இருந்தது. முந்நூறு வகுத்தல் 433. அலைநீளம் அறுபத்தொன்பது சென்டிமீட்டர். கால் பங்கு பதினேழரைக்கும் கொஞ்சம் கம்மி. ஒயர் ஆறரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்ததால், மாடியிலிருந்து வரும் அலையைச் சில சமயம் பிடித்தது, பல சமயம் கோட்டைவிட்டது. அமுக்கியதில் எது பிடித்தது என்று அமுக்கியவளுக்கும் தெரியாது, மோட்டாருக்கும் தெரியாது. நிறுத்துவதற்காக அவள் கடைசியாக அமுக்கியது எட்டாத ஒரு நாளில்தான் காயில் கருகியிருக்கிறது.

"அண்ணே, ஒங்க கை மட்டும் கொஞ்சம் சின்னதா இருந்திருந்தா இந்த வீட்டுல ஒரு பிரச்சனையும் இல்ல," என்றான் பிச்சையிடம். பிச்சை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அழகுமலை கட்டிலில் உட்கார்ந்தார். மனைவியைக் கோபிக்க வாயெடுத்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழுங்கினார். அமுதவல்லிக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அன்புமொழி ஏன் சொல்ல மறுத்தான்? அதை யூகிக்க அவள் விரும்பவில்லை. இன்றைக்கு யூகித்தது போதும். போன் செய்து அவனை வரவழைக்கும்படி சுகுணாவிடம் சொன்னாள்.

அவன் பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். எல்லாரும் கூடியிருப்பதையும் கட்டிலில் கிடந்த ரிமோட்டையும் பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நேரே அழகுமலை முன்னால் போய் நின்றான்.

"மாமா, என் வாயிலிருந்து வரலை. இவங்க கேட்டப்பகூட நான் சொல்லலை. எனக்குக் கூச்சமா இருக்கும்னு நீங்க யாருக்கும் தெரியாம தண்ணி விட்டீங்க. அதை நான் ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்? நாளைக்குப் பரிசத்துல ஒங்க கால்ல விழுகும்போது மனசுக்குள்ள சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

விக்ரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அமுதவல்லி அவன் காலை மிதித்தாள்.

அழகுமலைக்கு இரண்டு வழி இருந்தது. சும்மா தலையாட்டினால் போதும், செய்யாத தருமத்துக்கு ஆயுள் முழுக்க மரியாதை கிடைக்கும். சுகுணா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் சேர்த்து வெகுநேரம் துடைத்தார்.

"நான் விடலை மாப்ள," என்றார் கடைசியில். "ஒங்க அத்தை விட்டுச்சு. நான் ஒங்களத் திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அன்புமொழி அத்தையைப் பார்த்தான். சுகுணா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழகுமலை எழுந்து, சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்தார். மடை குறுகலாக இருக்கிறது, இப்படி விட்டால் பாதித் தண்ணீர் வாய்க்காலிலேயே செத்துப்போகும், அகலமாக வெட்ட வேண்டும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அந்த ஒயரை எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுக்கு வெட்டிவிடும்படி விக்ரமிடம் சொன்னார். விக்ரம் டேப்பை வைத்துப் பதினேழு புள்ளி மூன்றில் குறித்தான். அமுதவல்லி டேப்பை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்தாள். பிறகுதான் நறுக்க விட்டாள்.

"இனிமே மறைச்சு விட வேணாம்," என்றார் அழகுமலை மனைவியிடம், வரப்புக்குப் போகுமுன் நின்று. "நானே விடுறேன்."

ராஜலட்சுமி கட்டிலிலிருந்த ரிமோட்டை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"விடுங்க. எனக்குக் கட்டைவிரல் நோவுது."